தீக்கு முன்னே வரும் புகை

1997 ஜூன் 13. டெல்லி உப்ஹார் திரையரங்கின் கீழ்த்தளத்தில் மின்மாற்றி தீப்பிடித்தது. மேலே பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அந்த விபத்தில் 59 பேர் இறந்தார்கள், புகையில் மூச்சுத் திணறி.

அந்தப் புகையை முதலிலேயே கண்டுபிடிக்கத்தான் கூரையில் புகை உணர்கருவி இருக்கிறது. அதற்குள் ஓர் ஒளிக்கதிர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரமாக உள்ள உணரியின் மேல் அது படாது. புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியைத் தொடும். உடனே கட்டுப்பாட்டுப் பெட்டி எந்தப் பகுதி என்று காட்டும், சைரன் அலறும். சமையலறையில் தாளித்தாலே புகை வருமே? அங்கே வெப்பத்தை உணரும் கருவிதான் சரி.

தீயை நீங்களே பார்த்துவிட்டால், வெளியேறும் வழியருகே உள்ள சிவப்புப் பெட்டியை அழுத்திச் சைரனை ஒலிக்க வைக்கலாம். மின்சாரம் போனாலும் பேட்டரி இந்த எச்சரிக்கை அமைப்பை இயக்கும். அந்தப் பேட்டரியைச் சோதிக்காமல் விடுவதும், தொந்தரவு என்று சைரனை அணைத்து வைப்பதும் மன்னிக்க முடியாதவை.

நேயர்களே, உங்கள் அலுவலகத்தில் சிவப்புப் பெட்டி எங்கே என்று இன்றே பாருங்கள். சைரன் கேட்டால் லிஃப்ட் வேண்டாம், படியில் இறங்குங்கள். தீயணைப்புத் துறையின் எண் 101.