தூக்க இயலாத கை

புதுச்சத்திரம் போன்ற நம் ஊர்களில், நாற்பதைக் கடந்த தாய்மார் சிலர் கொண்டை முடியக் கையை உயர்த்த இயலாது தவிப்பதுண்டு. நெற்றிக்குக் கை சென்று சிலுவை அடையாளம் வரைவதே அவர்களுக்கு வேதனையாகிவிடும். சுளுக்கு என்றெண்ணி எண்ணெய் தேய்த்துவிட்டு, கையை அசைக்காமல் அணைத்தபடியே மாதங்களைக் கழிப்பர். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

தோள் மூட்டைச் சூழ்ந்துள்ள உறை தடித்துச் சுருங்குவதே இந்நோய். அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் இதனை ‘உறைந்த தோள்’ என்றழைத்தார். முதலில் வலி, அடுத்து இறுக்கம், பின்னர் மெல்ல இளக்கம். முற்றும் நீங்க ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். நீரிழிவு உள்ளோரை இது மிகுதியாகப் பற்றும். ஆதலால் தோள் இறுகியோர் இரத்தத்தில் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது நன்று. இடத் தோள் வலியோடு நெஞ்சும் இறுகினாலோ, பயிற்சியை எண்ணாது உடனே மருத்துவமனைக்கு விரைக.

காட்மன் பெயரால் வழங்கும் ஊசற்பயிற்சி எளியது. நல்ல கையை மேசைமீது ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைக் கிணற்றில் தொங்கும் வாளிபோல் தளரவிடவேண்டும். தோளால் தூக்காமல், உடலின் அசைவாலேயே அது சிறு வட்டமாக ஆடட்டும். வலி சற்றுத் தணிந்தபின், விரல்களைச் சுவரில் எறும்புபோல் ஏற்றலாம். எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடிட்டால், வாரந்தோறும் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும். வெந்நீர் ஒத்தடம் முன்னதாகக் கொடுத்தால் தசை இளகும். பிறர் கையைப் பிடித்து வலிந்து முறுக்குதல் மட்டும் கூடவே கூடாது. நம்மவர் அதனைத்தான் முதலில் செய்கின்றனர்!

எவ்வளவு, எப்போது என்பதை இயன்முறை மருத்துவரே வகுக்கட்டும். மாலைச் செபமாலைக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் பயிற்சி விட்டுப்போகாது. கொண்டை முடியக் கை எட்டியதுமே பலர் நிறுத்திவிடுவர். முதுகுப்புறமும் கை எட்டும் வரை தொடர்வது நலம்.