வளரும் பிள்ளைக்குப் பரண் கட்டில்: அளந்து பார்த்துச் செய்வோம்



நம்மில் பலருடைய வீடு ஒரு கூடம், ஒரு சமையல் இடம், அவ்வளவுதான். 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். அதாவது சுமார் 270 சதுர அடி. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. சமையல், படிப்பு, தூக்கம், விருந்தாளி எல்லாமே இதற்குள்தான். பிள்ளை சின்னதாக இருக்கும்வரை அம்மா பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஏழாவது, எட்டாவது போனதும் கால் நீட்ட இடம் போதாது. புத்தகம் வைக்க இடம் இல்லை. பெண் பிள்ளைக்கு உடை மாற்ற ஒரு மறைவுகூட இல்லை.

வீட்டை இழுத்து நீட்ட முடியாது. ஆனால் சுவரின் மேல்பாதி சும்மாதானே கிடக்கிறது? சாமான் போட பரண் கட்டுகிறோம் இல்லையா, அதே யோசனைதான் பரண் கட்டில். மேலே பிள்ளை படுக்கும். கீழே அதே இடத்தில் உட்கார்ந்து படிக்கும். ஒரு பழைய சேலையைத் திரையாகப் போட்டால் மறைவும் கிடைக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கட்டுவிரியன் பாம்பு இரவில்தான் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குபவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. கட்டிலில் படுத்து, கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இதற்குப் பரண் கட்டில்தான் வேண்டும் என்பதில்லை, சாதாரணக் கட்டிலே போதும்.

யாருக்கு வேண்டாம்?

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க வைக்கவே கூடாது. வலிப்பு வரும் பிள்ளை, தூக்கத்தில் எழுந்து நடக்கும் பிள்ளை, எந்த வயதானாலும் கீழேதான் படுக்க வேண்டும்.

எந்த வீட்டுக்கு ஒத்து வரும்?

தரையிலிருந்து கூரை வரை அளந்து பாருங்கள். ஒன்பது, பத்து அடி இருந்தால் செய்யலாம். எட்டரை அடிக்குக் கீழே என்றால் வேண்டாம்; பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். தகரம், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்கும் வேண்டாம். கூரைக்குக் கிட்டே போகப் போக வெக்கை தாங்காது. இப்படிப்பட்ட வீட்டில் சாதாரணக் கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, அடியில் பெட்டிகள் வைக்கும்படி செய்துகொள்வதே நல்லது.

முதலில் ஃபேனைப் பாருங்கள்

பலரும் இதை யோசிப்பதில்லை. சீலிங் ஃபேன் பொதுவாக நான்கு அடி அகலம். பத்து அடி அகல அறையின் நடுவில் அது சுற்றினால், சுவருக்கும் இறக்கையின் நுனிக்கும் நடுவே மூன்று அடிதான் மிச்சம். மூன்று அடி அகலக் கட்டிலைச் சுவரோரம் போட்டால் கட்டிலின் விளிம்பும் இறக்கையின் நுனியும் ஒரே கோட்டில் வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை எழுந்து கையை நீட்டினால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் பரண் கட்டில் போடும் அறையில் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, எதிர்ச் சுவரில் சுவர் ஃபேன் மாட்டுங்கள். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த டேபிள் ஃபேன் ஓடும் நிலையில் இருந்தால் அதுவும் போதும். பல்பு, ஒயர், சுவிட்ச் எதுவும் மேலே பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது.

அளவு எப்படி?

பிள்ளைக்கு இப்போது பத்து வயது என்று நான்கரை அடியில் கட்டில் செய்தால் மூன்று வருடத்தில் கால் வெளியே தொங்கும். பிளஸ் டூ முடிக்கும் வரைக்கும் ஆக வேண்டும் என்று நினைத்துச் செய்யுங்கள்.

1. நீளம் ஆறே கால் அடி, அகலம் மூன்று அடி, தரையிலிருந்து பலகை வரை உயரம் ஐந்து அடி. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தலை இடிக்காது.

2. தடுப்புக் கம்பி நான்கு பக்கமும் வேண்டும், சுவர்ப் பக்கமும் சேர்த்துத்தான். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே பிள்ளை சிக்கிக்கொள்ளக் கூடாது. மெத்தை போட்ட பிறகு, மெத்தைக்கு மேல் குறைந்தது ஐந்து அங்குலம் தடுப்பு தெரிய வேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தை நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பிறகு கனமான மெத்தை மாற்றினால் தடுப்பு குறைந்துபோகும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஏணி ஏற விடும் வழி ஒன்றே கால் அடி போதும். படி உருண்டையாக இருந்தால் கால் வழுக்கும். மூன்று அங்குல அகலத்தில் தட்டையாக இருக்கட்டும். ஏணியைக் கட்டிலோடு சேர்த்துப் பொருத்திவிடுங்கள்.

மரமா, இரும்பா?

மரம் என்றால் நன்றாகக் காய்ந்த வேம்பு, பலா, பூவரசு நல்லது. விலை குறைவு என்று பச்சை மரம் வாங்கினால் காயக் காய முறுக்கிக்கொள்ளும், மூட்டு தளரும். ஆணி மட்டும் அடித்து நிறுத்தக் கூடாது. போல்ட்டு, நட்டு, வாஷர் போடச் சொல்லுங்கள். பரீட்சை லீவு வரும்போதெல்லாம் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.

இரும்பு என்றால் ஒன்றரை அங்குல சதுரப் பைப். மேலே சொன்ன அளவுக்குக் கால், சட்டம், குறுக்குக் கம்பி, தடுப்பு, ஏணி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 130 அடி வரும். ஒரு பைப் 20 அடி என்பதால் ஏழு பைப் வாங்க வேண்டும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் வெல்டிங் கடையில் பத்துப் பைப் என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம். பற்று வைத்த இடத்தைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகுதான் பெயிண்ட்.

சுவர் செங்கல்லோ, கல்லோ என்றால் கட்டிலைச் சுவரோடு கிளாம்பு போட்டுப் பிடிக்கலாம். மண் சுவரை நம்ப வேண்டாம். எப்படியானாலும் நான்கு காலும் தரையில் நிற்க வேண்டும். மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன்னால் பெரியவர்கள் இரண்டு பேர் மேலே உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் குறுக்குச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள்.

கட்டிலில் தூளி, ஊஞ்சல், கயிறு எதுவும் கட்ட விடாதீர்கள். விளையாட்டாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பணத்துக்கு என்ன செய்வது?

இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஃபேன் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது வருமானம் தரும் கடன் இல்லை. ஆகவே பாதிப் பணத்தைச் சேமித்துக்கொண்டு, மீதிக்குக் குழுவில் உள்கடன் கேட்கலாம். இதற்காக வாரத் தவணைக் கம்பெனியிடம் போக வேண்டாம். ஒரே ஊரில் மூன்று நான்கு உறுப்பினர்கள் சேர்ந்து செய்தால் பைப்பை மொத்தமாக வாங்கலாம், வண்டி வாடகையும் பங்காகும்.

கட்டில் யாருக்கு?

"பையன் படிக்கிறான், அவனுக்குப் போடுவோம். பொண்ணு எங்கூட கீழே படுத்துக்கும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவளும் படிக்கிறாள் அல்லவா? மறைவும் அவளுக்குத்தான் அதிகம் தேவை. வீட்டில் இரண்டு பேருமே வளர்ந்த பிள்ளைகள் என்றால், மேல் இடம் யாருக்கு, கீழே படிக்கும் இடம் எந்த நேரத்தில் யாருக்கு என்று பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அதற்கு முன் வீட்டுக் கூரை உயரத்தையும், சுவரிலிருந்து ஃபேன் இறக்கை வரை உள்ள தூரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு இது ஆகுமா, ஆகாதா என்று அந்த இரண்டு அளவே சொல்லிவிடும்.