தரிசு நிலமும் அநாதைப் பிராணிகளும்

பயன்படாத அரசு நிலத்தைக் காப்பகமாக்கலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் மும்பையின் 190 ஆண்டு அனுபவம் சில கேள்விகளை எழுப்புகிறது.

செம்பூரில் கிழக்கு விரைவுச்சாலையை ஒட்டிய சந்திப்புக்குப் பெயர் பாஞ்ச்ராபோல். 2013இல் திறக்கப்பட்ட அந்தச் சாலையில் விரையும் பலருக்கு அது வெறும் இடப்பெயர். உண்மையில் அது முதிய, நோயுற்ற பிராணிகளின் புகலிடத்தைக் குறிக்கும் குஜராத்திச் சொல். சென்னை அயனாவரத்தின் பிஞ்சராபோலும் அதே சொல்தான்.

கதை தொடங்கியது நாயில். 1832இல் பம்பாய் போலீஸ் தெருநாய்களைக் கொல்லக் கூலி கொடுத்தது. கூலிக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு நாய்களையும் விடவில்லை. ஜூன் 6ஆம் தேதி கோட்டைப் பகுதிப் பார்சிகள் கொதித்தெழுந்தார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. 1834இல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் குஜராத்தி வணிகர்களுடன் சேர்ந்து புலேஷ்வர் பகுதியில் பாஞ்ச்ராபோலைத் தொடங்கினார். வணிகர்கள் தங்கள் சரக்கின்மீது தாங்களே விதித்துக்கொண்ட சிறு வரி அதற்குத் தீனி போட்டது.

இன்று அதே பிரச்னை வேறு உருவில். மும்பையில் 2014 கணக்கெடுப்பின்படி சுமார் 95 ஆயிரம் தெருநாய்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கும்படி 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இவை போதாதென்று மாட்டுங்காவின் அடுக்குமாடிகளில் ஆசையாக வாங்கப்பட்டு, கிழடானதும் கைவிடப்படும் உயர்ஜாதி நாய்கள் வேறு. மடியில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்!

எங்கே வைப்பது? தரிசு நிலத்தில் என்று பதில் வருகிறது. 2019இல் வெளியான மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பு, நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 17 சதவிகிதத்தைத் தரிசு என்கிறது. 5.5 கோடி ஹெக்டேருக்கு மேல். அதில் ஒரு துளி போதுமே?

ஆனால் காகிதத்தில் தரிசாக இருப்பது ஊரில் மேய்ச்சல் புறம்போக்காக இருக்கும். ஆடு மேய்ப்பவருக்கும் சுள்ளி பொறுக்குபவருக்கும் அதுதான் பிழைப்பு. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கும்படி 2011இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. மும்பையின் மாட்டுத் தொழுவங்களைப் பால்கர் மாவட்டத்தின் தாப்சரி அரசுப் பால்பண்ணை நிலத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் பல ஆண்டுகள் பேசப்பட்டும் ஈடேறவில்லை. அங்கே நிலம் நிறைய உண்டு. ஆனால் சுற்றிலும் வார்லி ஆதிவாசிகளின் ஊர்கள். நகரத்தின் நாய்களை அங்கே இறக்குவதானால் முதலில் அவர்கள் சம்மதிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நிலத்தின் விலை ஏறுவது. செம்பூருக்குப் பக்கத்தில், குர்லாவில், அரசின் பால்பண்ணை நிலம் 8.5 ஹெக்டேர் இருந்தது. 2024 ஜூனில் அது தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. மரங்கள் நிறைந்த இடத்தைத் தாவரவியல் பூங்காவாக்கக் கேட்ட உள்ளூர்வாசிகள் எதிர்த்தார்கள். தாராவியின் குடும்பங்களுக்கு வீடு வேண்டும் என்பதில் தகராறில்லை. ஆனால் குறுகிய சந்துகளில் ஆடு, கோழி, நாய், பூனையோடு வாழ்ந்தவர்கள் அடுக்குமாடிக்கு மாறும்போது அந்தப் பிராணிகள் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

யாருக்கும் வேண்டாத ஓரத்தில் பிராணிகளுக்கு இடம் தருவது நகரத்தின் வழக்கம். ஓரம் நடுவாகி, மனைக்கு விலை ஏறியதும் அவை மேலும் தள்ளிப்போகும். எனவே காப்பக நிலத்தை வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

நிலம் மட்டும் போதாது. ஒரு நாய்க்கு நாளுக்கு 40 ரூபாய் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் ஆயிரம் நாய்களுக்கு ஆண்டுக்கு 1.46 கோடி ரூபாய். டாக்டர், தண்ணீர், காவல் தனி. பணமும் ஆளும் இல்லாத காப்பகம் வேலி போட்ட பட்டினிக் கிடங்கு.

எல்லா நாய்களையும் அடைக்க வேண்டியதுமில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையில் புளூ கிராஸ் 1964இலேயே தொடங்கியது. 1996இல் மாநகராட்சியும் ஏற்றது. காப்பகம் தேவைப்படுவது ஊனமுற்றவை, முதியவை, வெறிபிடித்துக் கடிப்பவை, வீட்டிலிருந்து துரத்தப்பட்டவை ஆகியவற்றுக்குத்தான். அந்தச் சிறு கூட்டத்துக்குத் தேவைப்படும் நிலமும் சிறிதே.

கடைசி வகையைக் குறைக்கத் தரிசு நிலம் தேவையில்லை. வாங்கும்போதே நாய்க்குப் பதிவும், கைவிட்டால் வலிக்கும் அபராதமும் போதும். ஐம்பது ரூபாய் யாருக்கும் வலிக்காது.