சப்-ஊஃபரை இணைப்பது எப்படி?

கல்யாண வீட்டில் தவில் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். தவிலுக்கு இரண்டு பக்கம். வலது பக்கத்தை விரலில் கூடு மாட்டி வாசிப்பார்கள். அது கணீர் என்று கேட்கும். இடது பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். அது 'தொம், தொம்' என்று கேட்கும். அந்தத் 'தொம்' காதில் மட்டும் கேட்பதில்லை. நெஞ்சிலும் வந்து முட்டும்.

அதே தவிலை டி.வி.யில் கேட்டுப் பாருங்கள். கணீர் சத்தம் இருக்கும். 'தொம்' இருக்காது. ஏன்? இப்போது டி.வி. தட்டையாகிவிட்டது. அதற்குள் இருக்கும் ஸ்பீக்கர் மிகவும் சிறியது. 'தொம்' சத்தம் வர வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது.

அந்தச் சத்தத்துக்கு என்றே தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் சப்-ஊஃபர். கடைக்காரர்கள் 'பேஸ் பெட்டி' என்பார்கள்.

சத்தம் என்றால் என்ன? காற்று அதிர்வதுதான் சத்தம். விநாடிக்கு 20 முறை அதிர்வதிலிருந்து 20,000 முறை அதிர்வது வரை மனிதக் காதுக்குக் கேட்கும். வயதானால் மேல் அளவு குறையும். சப்-ஊஃபர் கீழே இருக்கும் சத்தத்தை மட்டும் தரும். ஏறக்குறைய 20 முதல் 120 வரை. அதற்கு மேலே இருப்பதை மற்ற ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். பேச்சு, புல்லாங்குழல், வளையல் சத்தம் எல்லாம் அவற்றில்தான் வரும்.

1974இல் அமெரிக்காவில் 'எர்த்குவேக்' என்று ஒரு படம் வந்தது. நில நடுக்கம் பற்றிய படம். தியேட்டரில் பெரிய பேஸ் பெட்டிகளை வைத்து நாற்காலியே அதிரும்படி செய்தார்கள். அந்த அதிர்ச்சிதான் இன்று நம் பத்துக்குப் பத்து அறைக்கும் வந்திருக்கிறது. பெட்டியின் மேல் '5.1' என்று போட்டிருக்கும். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர் என்று அதற்கு அர்த்தம்.

இந்தச் சத்தங்களை எல்லாம் பிரித்துக் கொடுக்கும் கருவிக்கு ரிசீவர் என்று பெயர். டி.வி.யிலிருந்து வரும் சத்தம் முதலில் ரிசீவருக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும்.

இணைக்கத் தொடங்கும் முன் ஒன்று பாருங்கள். உங்கள் சப்-ஊஃபருக்குத் தனியாகக் கரண்ட் ஒயர் இருக்கிறதா?

கரண்ட் ஒயர் இல்லையா? சிவப்பு, கறுப்பு ஒயர் மட்டும் வருகிறதா? அப்படியானால் அது ஒரே கம்பெனியின் செட்டாக இருக்கும். அந்தச் செட்டோடு வந்த கருவியில் சப்-ஊஃபருக்கு என்று ஓர் இடம் இருக்கும். அதில் மட்டும் மாட்டுங்கள். வேறு கருவியில் மாட்ட வேண்டாம்.

கரண்ட் ஒயர் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர்களின் ஒயரும் அதே சப்-ஊஃபரின் பின்னால்தான் போகிறதா? அப்படியானால் உங்களுக்கு ரிசீவரே வேண்டாம். சத்தத்தைக் கூட்டும் கருவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஜெப்ரானிக்ஸ் போன்ற கம்பெனிகள் விற்கும் விலை குறைந்த செட்டுகளில் பல இப்படிப்பட்டவைதான். டி.வி.யிலிருந்து நேராக ஒயர் கொடுத்தால் போதும்.

கரண்ட் ஒயர் உண்டு, ரிசீவரும் தனியாக உண்டு என்றால் மேலே படியுங்கள். மீதி எல்லாம் உங்களுக்காகத்தான்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? டெல்லியில் இந்தச் சாமான்களுக்குப் பேர்போன இடம் லாஜ்பத் ராய் மார்க்கெட். செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சவுக் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. லால் கிலா மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், வெறும் மரப்பெட்டி, உள்ளே போடும் போர்டு எல்லாம் அங்கே தனித்தனியாகக் கிடைக்கும். பேரம் பேசத்தான் வேண்டும். அதைவிட, அட்டைப் பெட்டியைப் படிக்க வேண்டும்.

'5000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பக்கத்தில் சின்னதாக பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். இரண்டையும் பெருக்குங்கள். 1,380 வாட். அதற்கு மேல் அந்தப் பாயிண்ட் தாங்காது. பிறகு 5000 எங்கிருந்து வரும்? ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். என்னைக் கேட்டால், சின்ன அறைக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். போதும். பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பில் இல்லாமல் பேசுவது கஷ்டம்.

சரி, இணைப்போம்.

முதலில் ரிசீவர், சப்-ஊஃபர் இரண்டையும் நிறுத்துங்கள். பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். கருவி ஓடும்போது ஒயரைச் செருகினால் 'டமார்' என்று சத்தம் வரும். ஸ்பீக்கர் கிழிந்து போகலாம்.

இப்போது ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். வட்டமான துளைகள் பல இருக்கும். பயப்பட வேண்டாம். நமக்கு ஒன்றுதான் வேண்டும். எஸ், யூ, பி என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். 'சப்-ஊஃபர் அவுட்' என்றோ, 'சப் பிரீ அவுட்' என்றோ இருக்கும். அடுத்து சப்-ஊஃபரின் பின்னால் பாருங்கள். 'எல்.எஃப்.இ.' என்றோ 'லைன் இன்' என்றோ இருக்கும். ஆங்கிலம் படிக்க வராதவர்கள் எழுத்தை எண்ணுங்கள். 'அவுட்' என்பது ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. 'இன்' என்பது இரண்டு எழுத்து. சத்தம் 'அவுட்' வழியாக வெளியே வரும். 'இன்' வழியாக உள்ளே போகும்.

இந்த இரண்டு துளையையும் ஒரே ஓர் ஒயர் இணைக்கும். அவ்வளவுதான் வேலை!

என்ன ஒயர்? பழைய டி.வி.டி. பிளேயரோடு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் வந்ததே, நினைவு இருக்கிறதா? அதே ஜாதி ஒயர்தான். வீட்டில் அது கிடந்தால் மஞ்சள் ஒயரை எடுத்து மாட்டுங்கள். நன்றாக வேலை செய்யும். 'சப்-ஊஃபர் ஒயர்' என்று சொல்லி அதிக விலைக்கு விற்பதை வாங்கத் தேவை இல்லை. நீளம் போதாவிட்டால் மட்டும் புதிதாக வாங்குங்கள். சப்-ஊஃபரில் இடது, வலது என்று இரண்டு துளை இருந்தால் 'எல்.எஃப்.இ.' என்று எழுதிய துளையில் மாட்டுங்கள். அப்படி எதிலும் எழுதவில்லையா? இடது துளையில் மாட்டுங்கள். இடதுக்கு ஆங்கிலத்தில் 'எல்' என்று போட்டிருக்கும்.

இவ்வளவு மெல்லிய ஒயரா என்று சந்தேகம் வரும். இந்த ஒயரில் போவது பலம் இல்லை, செய்தி மட்டும்தான். 'இப்போது அடி, இப்போது நிறுத்து' என்ற செய்தி. அடிக்கும் பலத்தை சப்-ஊஃபர் தன் சொந்தப் பிளக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மற்ற ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்பு, கறுப்பு ஒயரை வெட்டி இந்த வட்டத் துளையில் திணிக்கக் கூடாது. அந்த ஒயரில் பலமான கரண்ட் வரும். உள்ளே இருக்கும் போர்டு கருகிவிடும்.

ஒயரை மாட்டியாயிற்று. பிளக்கைப் போடுங்கள். சப்-ஊஃபரில் ஒலி அளவுத் திருகைப் பாதிக்கும் கீழே வையுங்கள். 'கிராஸ் ஓவர்' என்று இன்னொரு திருகு இருந்தால் அதை முழுவதும் வலது பக்கம் திருப்புங்கள். சத்தத்தை எங்கே பிரிப்பது என்பதை ரிசீவரே முடிவு செய்யட்டும். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்தால் குழப்பம்தான். ரிசீவரில் 'சப்-ஊஃபர் உண்டு' என்று சொல்லுங்கள். ஸ்பீக்கர்களை 'சிறியது' என்று சொல்லுங்கள். பிரிக்கும் இடத்தை 80 என்று வையுங்கள். 80க்குக் கீழே உள்ள சத்தம் எல்லாம் சப்-ஊஃபருக்குப் போய்விடும். '0', '180' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பாட்டைப் போட்டு இரண்டிலும் கேளுங்கள். எதில் 'தொம்' நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

பாட்டு வருவதற்கு முன்பே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறதா? இங்கேதான் பலர் ஆபத்தான காரியம் செய்கிறார்கள்.

நம் வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகிறது. சப்-ஊஃபர் அந்த அளவுச் சத்தத்துக்கு என்றே செய்த பெட்டி. அதனால் கரண்டின் இரைச்சல் கொஞ்சம் கலந்தாலும் பெரிதாகக் கேட்கும். இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்தைத் தொடும்போது இந்த இரைச்சல் வரும்.

"எர்த் பின்னை உடைத்துவிடு, சத்தம் நின்றுவிடும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். மூன்று பின்னில் மேலே தடியாக இருப்பதுதான் எர்த் பின். அதை உடைத்தால் இரைச்சல் நிற்கவும் கூடும். ஆனால் என்ன ஆகும்? ரிசீவரின் உள்ளே ஒரு நாள் கரண்ட் கசிகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால் அந்தக் கரண்ட் பூமிக்குப் போய்விடும். ஃபியூஸ் போகும், அல்லது டிரிப்பர் விழும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் இரும்பு உடம்பிலேயே நிற்கும். அங்கே மட்டுமா? நாம் மாட்டிய மெல்லிய ஒயரின் வெளிப்புறம் கம்பி வலைதான். அதன் வழியாக சப்-ஊஃபருக்கும் போகும். குழந்தை பெட்டியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

எர்த் பின்னைத் தொடாதீர்கள். வேறு வழி இருக்கிறது. ரிசீவர், சப்-ஊஃபர், டி.வி. மூன்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பெரும்பாலும் இதிலேயே இரைச்சல் குறையும். குறையவில்லையா? டி.வி.க்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் கேபிள் ஒயரில் இருக்கிறது. கேபிள்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பேஸ் ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். டெல்லி வெயிலில் தண்ணீர் கூலர் வைத்திருப்பீர்கள். அந்தக் கூலரை இதே ஜங்ஷன் பாக்ஸில் செருக வேண்டாம். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இன்னொன்று. சுவரில் மூன்று துளை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பல வீடுகளில் அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் வாங்கும் பணத்தில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? மூலையில் வைத்தால் 'தொம்' பெருகும். சில நேரம் குடத்துக்குள் பேசுவது போல மொத்தையாகிவிடும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. சப்-ஊஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். தவில் இருக்கும் பாட்டைப் போடுங்கள். நீங்கள் சுவர் ஓரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் அடி தெளிவாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் படிப்பு வட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, பக்கத்து வீட்டுல பாட்டுப் போட்டா எங்க வீட்டுத் தட்டு ஆடுது. பாட்டு என்னன்னு கேக்கல. தட்டு மட்டும் ஆடுது. அது எப்படி?"

நல்ல கேள்வி. சத்தம் காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். விநாடிக்கு 40 முறை அதிரும் சத்தத்தின் ஓர் அலை எவ்வளவு நீளம்? 340ஐ 40ஆல் வகுங்கள். எட்டரை மீட்டர். அதாவது சுமார் 28 அடி. டெல்லியில் '25 கஜ வீடு' என்பார்கள். சதுரமாக இருந்தால் அது 15 அடிக்கு 15 அடிதான். அலை வீட்டைவிடப் பெரியது! பேச்சுச் சத்தத்தைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். இந்தச் சத்தத்தை அந்த அளவு தடுக்காது. நடுவில் இருப்பதோ ஒற்றைச் சுவர். அதுவே சேர்ந்து அதிரும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு அளவு வைத்திருக்கின்றன. பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வீட்டுக்குள் பாட்டுப் போட்டாலும், வீட்டின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆனால் அளக்கும் கருவி பேஸ் சத்தத்தைக் குறைத்தே எண்ணும். கருவி 'சரி' என்று காட்டும்போதும் அக்கா வீட்டுத் தட்டு ஆடலாம்.

அதனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டிப் பெட்டியை வைக்காதீர்கள். மாடியில் இருப்பவர்கள் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். தரை அதிர்வது குறையும். இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் பக்கத்தில் இருந்தால் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் படம் பார்த்தால் சப்-ஊஃபரின் பிளக்கையே பிடுங்கிவிடலாம். ரிசீவருக்கு ஒன்றும் ஆகாது. பேச்சு எப்போதும் போலக் கேட்கும்.

பெட்டியை மாட்டிய அன்று பகலில் ஒரு பாட்டைப் போடுங்கள். போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்று கேளுங்கள். அங்கே தட்டு ஆடினால், திரும்பி வந்து ஒலித் திருகை இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.