ஒரு டம்ளர் வயிறு

ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு எவ்வளவு கொள்ளும்? ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம் என்பது ஊட்டச்சத்துத் துறையில் வழங்கும் கணக்கு. அப்படியானால் 210 கிராம், அதாவது ஒரு டம்ளர். ஆறு மாதம் முடிந்து பால்குடி மெல்ல மறக்கும் பருவத்தில், இந்த டம்ளருக்குள் எது போகிறது என்பதுதான் முக்கியம்.

நம் வீடுகளில் முதலில் போவது கஞ்சி. "தண்ணியா கரைச்சுக் குடு, அப்பத்தான் செரிக்கும்" என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார். இங்கேதான் கணக்கு இடறுகிறது. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் கிடைப்பது 33 கலோரி. அதே அளவு தாய்ப்பாலில் 65 முதல் 70 வரை இருக்கிறது. நீர்த்த கஞ்சியால் வயிற்றை நிரப்பினால், அதைவிட இருமடங்கு சத்துள்ள பாலுக்கு இடமில்லாமல் போகிறது. குழந்தை வயிறு நிறைந்து தூங்கும், எடை மட்டும் ஏறாது.

மாவைக் கூட்டினால் போதாதா? கூட்டினால் களியாகிவிடும். சூடேறும்போது மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பிசினாகின்றன; பல் முளைக்காத வாய் அதை விழுங்காது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி முளைகட்டிய தானியத்தில் இருக்கிறது. முளைவிடும் விதை, தன் மாவுச்சத்தை உடைத்துச் சாப்பிட அமிலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவிலும் அந்த நொதி உயிரோடு இருக்கும். கெட்டியான கஞ்சி கொஞ்சம் சூடு ஆறியதும் அந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறினால், சில நிமிடங்களில் அது இளகி ஓடத் தொடங்கும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் சத்து குறைவதில்லை. பிறகு ஒரு கொதி விட்டு இறக்கலாம். 1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபல்தாஸ் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஒரு எச்சரிக்கை: முளைகட்டிய தானியத்தை மணம் வரட்டும் என்று சிவக்க வறுத்துவிட்டால் நொதி அழிந்துவிடும், அப்புறம் அது சாதாரண மாவுதான்.

இன்னும் சுலபமான வழியும் உண்டு. ஒரு சின்ன ஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ விட்டால் 45 கலோரி கூடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தாய்ப்பால் போக, 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு 200 கலோரி, அடுத்த மூன்று மாதம் 300, ஒரு வயதுக்கு மேல் 550 கலோரி மற்ற உணவிலிருந்து வரவேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே ஒன்றிரண்டு தின்பண்டம் கொடுக்கலாம். அந்த இடத்தைத்தான் பிஸ்கட் பிடித்துக்கொள்கிறது. பிஸ்கட்டில் கலோரிக்குக் குறைவில்லை. மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் சேர்ந்தால் கலோரி வராமல் என்ன செய்யும்? இரும்பும் புரதமும்தான் பேருக்கு இருக்கின்றன. கருப்பட்டி போட்டு வீட்டிலேயே செய்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

இரும்பைப் பற்றி நாம் போதிய கவலைப்படுவதில்லை. குழந்தை கருவிலேயே சேர்த்துக்கொண்டு வந்த இருப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்கிறது. தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காரணம் இரும்புக் குறைவு மட்டுமல்ல. ஆனாலும் அதுதான் முன்னால் நிற்கிறது. அசைவ வீடுகளில் சுவரொட்டியையோ ஈரலையோ வேகவைத்து மசித்துக் கொஞ்சம் ஊட்டலாம். சைவ வீடுகளில் பாசிப்பருப்பையோ கொண்டைக்கடலையையோ குழைய வேகவைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியலாம். அந்தப் புளிப்போடு வரும் வைட்டமின் சி, பருப்பிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது.

எட்டு மாதத்துக்கு மேல் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடிப்பதை நிறுத்திவிடலாம். பருப்பில் பிசைந்த இட்லி, கைக்குள் பிடிபடும் நீளத்தில் வெந்த சர்க்கரைவள்ளி, பப்பாளி, வேகவைத்த முட்டை எல்லாம் நல்ல தின்பண்டங்களே. பத்து மாதம் தாண்டியும் கட்டி உணவு பழகாத குழந்தைகள் பின்னால் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிப்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடந்த நீண்ட கால ஆய்வு காட்டியது.

வேர்க்கடலையின் கதை இதைவிட சுவாரசியம். ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை அதைக் காட்டவே கூடாது என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் 'பம்பா' என்ற வேர்க்கடலைத் தின்பண்டத்தைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பிள்ளைகள் தின்று வளரும் இஸ்ரேலில் அந்த ஒவ்வாமை அரிதாக இருந்தது. இதைக் கவனித்த லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், கடும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கினார்கள். ஐந்து வயதில் அவர்களிடம் ஒவ்வாமை, தவிர்த்தவர்களைவிட ஐந்தில் நான்கு பங்கு குறைவு. 2015-இல் முடிவு வெளியானதும் பழைய அறிவுரை தலைகீழானது. அதற்காக முழுக்கடலையைக் கையில் கொடுத்துவிடக் கூடாது, மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஐந்து வயது வரை விழுதாகவோ பொடியாகவோதான். முதல் தடவை கால் ஸ்பூனைக் கஞ்சியில் கரைத்து, வீட்டில் ஆள் இருக்கும் பகல் வேளையில் கொடுத்துப் பார்க்கலாம். கடும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்ட பிறகு.