மூச்சிலிருந்து முப்பது விநாடிக்கு

2023 அக்டோபர் 7. சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமமாக நிற்க, ஆட்டம் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பாடிப் போன பவன் செராவத், யாரையும் தொடாமலே ஓரப் பட்டையில் கால் வைத்துவிட்டார். அவரை மடக்க வந்த ஈரான் வீரர்களும் பின்னாலேயே அந்தப் பட்டைக்குள் பாய்ந்தார்கள். யார் அவுட்? விடை கிடைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது.

அந்தப் பட்டைக்கு லாபி என்று பெயர். களத்தின் இரு ஓரமும் ஒரு மீட்டர் அகலம். யார் மீதாவது கை பட்டு மல்லுக்கட்டு தொடங்கிய பிறகுதான் அது களத்தோடு சேரும், அதுவரை வெளி. ஆகவே பவனோடு, துரத்திப் போனவர்களும் அவுட் என்றது இந்தியா. பவன் மட்டும்தான் என்றது ஈரான். தீர்ப்பு இப்படியும் அப்படியும் ஆடி, இந்தியாவுக்கு 3, ஈரானுக்கு 1 என்று முடிந்தது. மீதி ஆட்டமும் முடிந்தபோது 33-29. தங்கம் இந்தியாவுக்கு.

ஊர்ச் சடுகுடுவில் சண்டை வேறு மாதிரி வரும். "மூச்சு விட்டுட்டான்!" என்று நாலு பேர் கத்துவார்கள், "விடலை" என்று அவன் சாதிப்பான்.

அந்தச் சண்டையில்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம் இருக்கிறது. தொடுவது சின்னப் பிள்ளைக்கும் வரும். தொடுகிறவனுக்கு என்ன கடிவாளம் போடுகிறோம் என்பதில்தான் ஆட்டம் பிறக்கிறது. கிளித்தட்டில் மறிப்பவர் தன் கோட்டை விட்டு இறங்க முடியாது. கோ-கோவில் துரத்துபவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, கிளம்பிய திசையிலிருந்து திரும்பவும் கூடாது; எதிராளி மறுபக்கம் நழுவினால், உட்கார்ந்திருக்கும் கூட்டாளியின் முதுகில் தட்டி "கோ" சொல்லி எழுப்புவதே வழி. கபடியில் கடிவாளம் மூச்சு. எதிரிகள் ஏழு பேர் நிற்கும் இடத்தில் ஒருவன் தனியாக நுழைகிறான். ஒரே மூச்சு இருக்கும்வரைதான் அவனுக்கு உரிமை. மூச்சு இழுக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகத்தான் அந்தப் பாட்டு.

பாட்டுச் சொல் ஊருக்கு ஊர் மாறியது. இங்கே சடுகுடு, ஆந்திரத்தில் செடுகுடு, மகாராஷ்டிரத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு. இன்றைய விதிப்புத்தகம் ஏற்பது 'கபடி' ஒன்றைத்தான். அதை நடுவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். தாமதமாகத் தொடங்கினாலே எதிரணிக்கு ஒரு புள்ளி.

ஆனால் நேரத்தை அளப்பது இப்போது மூச்சு அல்ல, கடிகாரம். ஒரு ரைடுக்கு, அதாவது ஒருமுறை பாடிப் போய் வர, 30 விநாடி. நீண்ட மூச்சுக்காரனுக்கு இருந்த தனிச் சலுகை போயிற்று. யாரையும் தொடாமல், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் கோட்டையாவது தாண்டாமல் திரும்பினால் அவுட். 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக் இன்னொரு முடிச்சையும் பிரபலமாக்கியது: ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் போனவர் அவுட். பிடிக்கும் அணியில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சி, அப்போது பிடித்துப்போட்டால் இரட்டைப் புள்ளி; அதற்குப் பெயர் சூப்பர் டேக்கிள். தோற்கும் அணியைக் கடைசிவரை உயிரோடு வைத்திருப்பது இந்த விதிதான். தொலைக்காட்சிக்காகக் கபடியைக் கெடுத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள்கூட, சூப்பர் டேக்கிள் விழும்போது நாற்காலியை விட்டு எழத்தான் செய்கிறார்கள்.

ஹாங்சோவில் தோற்ற ஈரானுக்கு இதெல்லாம் இரவல் விளையாட்டு என்று நினைத்தால் தவறு. அங்கே 'ஸூ' என்று இழுத்துக்கொண்டே மூச்சடக்கி ஓடும் பழைய ஆட்டம் உண்டு. 1990 பெய்ஜிங் தொடங்கி 2014 வரை ஆசியப் போட்டிகளில் ஆண்கள் பிரிவின் ஏழு தங்கங்களும் இந்தியாவுக்கே போயின. 2018-இல் ஜகார்த்தாவில் அந்த வரிசை அறுந்தது: அரையிறுதியில் ஈரான் 27-18 என்று இந்தியாவை வெளியேற்றியது. மறுநாள் பெண்கள் இறுதியிலும் அதே கதை, 27-24. வென்ற ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக நின்றவர் மகாராஷ்டிரத்தின் சைலஜா ஜெயின்.