வேலைக்கு வந்தும் இழக்கும் 15.7 பில்லியன் வெள்ளி

வேலையிட நியாயச் சட்டம் 2027 இறுதியில் நடப்புக்கு வரவிருக்கிறது. மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டி ஒருவரை வேலையில் சேர்க்க மறுப்பதையும், இருக்கும் வேலையிலிருந்து நீக்குவதையும் அது தடை செய்யும். அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் சிங்கப்பூருக்கு ஆண்டுக்கு 15.7 பில்லியன் வெள்ளி இழப்பு என்கிறார்களே, அவ்வளவும் மருத்துவச் செலவா?

இல்லை. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் மனநலக் கழகமும் 2022இல் நடத்திய இணையவழிக் கருத்தாய்வைக் கொண்டு மதிப்பிட்ட தொகை அது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.9 விழுக்காடு. அறிகுறிகள் உள்ள ஓர் ஊழியருக்கு ஆகும் மருத்துவச் செலவு ஆண்டுக்குச் சுமார் 1,050 வெள்ளிதான். அவர் கூடுதலாக வேலைக்கு வராத 17.7 நாள்களின் மதிப்பு 4,980 வெள்ளி. வேலைக்கு வந்தும் வேலை ஓடாத நேரத்தின் மதிப்போ 28,720 வெள்ளி! ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இங்கேதான் போகிறது.

தங்கள் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக ஊழியர்களே சொன்னதுதான் இதற்கு அடிப்படை. எனவே 15.7 பில்லியனைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிய நட்டமாகக் கொள்ள முடியாது. ஆனால் அது காட்டும் திசையை நம்பலாம். மனநலக் கழகத்தின் 2016 ஆய்வில், எழுவரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் உதவி நாடவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் நோயை மறைத்து வேலைக்கு வருகிறவரிடம்தான் இழப்பு பெருகுகிறது. அந்த அச்சத்தைப் போக்குவதே சட்டத்தின் உண்மையான வேலை.

அங்கேதான் எனக்குக் கவலை. 25 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு முதல் ஐந்தாண்டுக்கு விலக்கு. ஊழியர்களில் 75 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பு என்கிறது அரசு. அப்படியானால் நால்வரில் ஒருவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். சிராங்கூன் சாலையில் பத்துப் பேரை வைத்து நடக்கும் மளிகைக் கடையின் ஊழியர் அந்த ஒருவர். அவருக்கு இருப்பது சட்டமன்று, முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் மட்டுமே. முதலாளியின் முகம் பார்த்து வேலை செய்யும் சிறிய இடத்தில்தான் மறைக்கும் கட்டாயம் அதிகம். விலக்கை அங்கே கொடுத்தது தவறு.

மற்றக் கேள்விகள்:

வேலை விண்ணப்பத்தில் மனநல விவரம் கேட்கலாமா? வேலைக்கு அவசியமானால் தவிரக் கேட்கக் கூடாது என்பது 2020 முதல் உள்ள நெறிமுறை.

மெடிசேவ் பயன்படுத்தலாமா? மனச்சோர்வு, பதற்றம், இருமுனை நோய், மனச்சிதைவு ஆகியவற்றுக்கு வரம்புக்கு உட்பட்டு முடியும்.

முதுமை மறதிநோய் 15.7 பில்லியனில் சேர்ந்ததா? இல்லை, அதன் சுமை தனி.

இப்போதே பேச வேண்டுமானால்? 1771, எந்த நேரமும்.